விஜயதசமி அரிசியிலிருந்து பாலர் பள்ளி வரை

விஜயதசமி அன்று காலையில் நம் ஆலய மண்டபத்தில் தாம்பாளங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் காட்சி அன்பர்கள் அனைவருக்கும் பழக்கமானதே. ஒவ்வொரு தாம்பாளத்திலும் பச்சரிசி பரப்பியிருக்கும். தந்தையின் மடியிலோ தாத்தாவின் மடியிலோ அமர்ந்த குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்போம். சில குழந்தைகள் அழும். சில அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். எழுதி முடித்ததும் தாயின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே ஆண்டுதோறும் அந்தப் பணியை நான் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு அந்த நிகழ்ச்சி முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தபோது, நீண்ட காலமாக நம் கல்வி நிதிக்கு உதவிவரும் அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அரசாங்கமே இப்போது பாலர் பள்ளி நடத்துகிறது. கட்டணமும் குறைவு. வசதி இல்லாதவர்களுக்கு உதவித் தொகையும் உண்டு. பிறகு சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஆலயம் ஏன் தனியாகப் பணம் சேர்க்க வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு வரியில் ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனால்தான் இந்த மலரில் சற்று விரிவாக எழுத முற்பட்டேன்.

பாலர் பள்ளி கடந்து வந்த பாதை

சிங்கப்பூரில் பாலர் பள்ளி என்பது வெகு காலம் அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பாக இருந்ததில்லை. தொடக்கப் பள்ளியில்தான் அரசாங்கத்தின் பொறுப்பு தொடங்கியது. அதற்கு முந்திய வயதுப் பிள்ளைகளை அரசியல் கட்சிக் கிளைகளும், தேவாலயங்களும், கோயில்களும், சங்கங்களும், தனியாரும் பார்த்துக்கொண்டனர். 1960களிலிருந்தே மக்கள் செயல் கட்சியின் கிளைகள் பாலர் வகுப்புகள் நடத்தின. பின்னர் 1986இல் அமைந்த மக்கள் செயல் கட்சி சமூக அறநிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது. புளோக்கின் கீழ்த்தளத்தில் வண்ணம் தீட்டிய சுவரும் குட்டி நாற்காலிகளும் கொண்ட அந்த வகுப்புகளில் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

2000ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறி 2003இல் நடப்புக்கு வந்தபோதும், அது தொடக்கப் பள்ளியைத்தான் கட்டாயமாக்கியது. பாலர் பள்ளியைப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டது. ஆயினும் இன்று மிகப் பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு பாலர் பள்ளியில் பயின்ற பிறகே முதலாம் வகுப்புக்கு வருகிறார்கள். பாலர் பள்ளிக்கே போகாமல் வரும் பிள்ளைகள் மிகச் சிலரே. அந்தச் சிலர் யார், ஏன் போகவில்லை என்பதுதான் கவலைக்குரிய கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

2013இல் பாலர் பருவக் கல்வியையும் குழந்தைப் பராமரிப்பையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரும் அரசாங்க அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2014இல், கல்வி அமைச்சு தானே பாலர் பள்ளி நடத்தத் தொடங்கியது. முதலில் 5 பள்ளிகள், 2016க்குள் 15. சோதனை முயற்சியாகத் தொடங்கிய இது, 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பெரிய திட்டமாக உருவெடுத்தது. 2023க்குள் 50 பள்ளிகள் வரை என இலக்கு அறிவிக்கப்பட்டது. அரசாங்கம் நடத்துபவை, அரசாங்க ஆதரவு பெற்றவை ஆகிய இரண்டு வகைப் பாலர் பள்ளிகளிலும் சேர்த்து, அப்போது பாதிக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளுக்கே இடம் இருந்தது. அதை மூன்றில் இரண்டு பங்காக உயர்த்துவதும் அந்த அறிவிப்பில் அடங்கும். பின்னர் இந்த இலக்கு 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அமைந்தவை. இரண்டு ஆண்டு வகுப்பு. ஐந்து வயது நிறையும் ஆண்டில் கே 1, அடுத்த ஆண்டு கே 2. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரப் பாடம். நமக்கு முக்கியமான செய்தி என்னவென்றால், சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்று தாய்மொழிகளுக்கும் அங்கே இடமுண்டு. தாய்மொழிக்கென்று ஒவ்வொரு நாளும் தனி நேரம் ஒதுக்கப்படுகிறது. தனியார் பாலர் பள்ளிகளில் பலவற்றில் தமிழ் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

யாருக்கு இடம், எப்போது இடம்?

இந்தப் பகுதியைப் பேரன் பேத்தி உள்ளவர்கள் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளும் மட்டுமே சேர முடியும். பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் பிப்ரவரி மாத வாக்கில், அடுத்த ஆண்டுக்கான பதிவு நடைபெறும். பதிவு இணையம் வழியாகத்தான். அதாவது 2021 மார்ச் மாதம் பிறந்த பிள்ளை 2026 ஜனவரியில் வகுப்பில் உட்கார வேண்டுமானால், 2025 பிப்ரவரியில், நான்கு வயதுகூட நிறையாத நிலையில், பதிவு செய்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு முன்னதாக. இதை அறியாத பெற்றோர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் முன்னுரிமை பார்க்கப்படும். அதே பள்ளியில் அண்ணனோ அக்காளோ படிப்பது, வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது ஆகியவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூன்றில் ஒரு பங்கு இடம் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படுகிறது. ஒரு சில வட்டாரங்களில், நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கான இளம்பருவ நிலையங்கள் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளோடு இணைந்து இயங்குகின்றன. அங்கு பயிலும் பிள்ளைகளுக்குத் தகுதியிருந்தால் கே 1 இடம் உறுதி.

மற்றொரு நன்மையும் உண்டு. தொடக்கப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் பாலர் பள்ளியில் படித்த பிள்ளை, அதே தொடக்கப் பள்ளியின் முதலாம் வகுப்புக்கு 2ஏ கட்டத்திலேயே பதிவு செய்யலாம். இடம் நிச்சயம் என்று அதற்குப் பொருளில்லை. வரிசையில் முன்னே நிற்க முடிகிறது என்பதுதான் பொருள். இந்தக் காரணத்தாலேயே சில பள்ளிகளுக்கு விண்ணப்பங்கள் குவிகின்றன.

எண்கள் சொல்லும் செய்தி

இனி, வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். எத்தனையோ ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதியவன் என்பதால், பதிவேட்டைப் படித்தால் நாட்டையே படிக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில், பிள்ளைகளே குறைந்து வருகிறார்கள். 1988இல் சிங்கப்பூரில் ஏறத்தாழ 53,000 குழந்தைகள் பிறந்தன. 2000இல் 47,000. 2023இல் சுமார் 33,500. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே, 0.97க்கு இறங்கியது. இன்றைய பிறப்பு எண்ணிக்கை, நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பாலர் பள்ளியின் சேர்க்கை எண்ணிக்கை. ஆகவே வரும் ஆண்டுகளில் வகுப்பறைகள் எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஓரளவு கூறிவிடலாம்.

1988, 2000 என நான் குறிப்பிட்ட இரண்டும் சீனர்களின் டிராகன் ஆண்டுகள். டிராகன் ஆண்டில் பிள்ளை பிறப்பது நல்லது என்ற நம்பிக்கையால் அந்த ஆண்டுகளில் பிறப்பு கூடும். 2011இல் சுமார் 39,700; டிராகன் ஆண்டான 2012இல் சுமார் 42,700; 2013இல் மறுபடியும் 39,700. நமக்கும் டிராகனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2012இல் பிறந்த தமிழ்ப் பிள்ளையும் 2017இல் அதே கே 1 வரிசையில்தான் நின்றது; 2019இல் அதே முதலாம் வகுப்பு வரிசையில்தான் நின்றது. ஒரே பேட்டையில் வாழ்பவர்களுக்கு வரிசையும் ஒன்றுதானே.

அடுத்து, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது. புதிய அடுக்குமாடி வீடுகள் கட்டி முடிந்து இளந்தம்பதியர் ஒரே சமயத்தில் குடியேறும் பொங்கோல் போன்ற பேட்டைகளில் பாலர் பள்ளிக்குப் போட்டி மிகுதி. பழைய பேட்டைகளில் முதியோர் மிகுதி, பிள்ளைகள் குறைவு. நாடு முழுதும் எண்ணிக்கை குறைந்தாலும், ஒரு பேட்டையில் இடம் கிடைக்காமல் காத்திருப்பதும் இன்னொரு பேட்டையில் நாற்காலி காலியாக இருப்பதும் இதனால்தான்.

இப்போது நம் சமூகத்துக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9.0 விழுக்காடு. 1990இல் இது 7.1 விழுக்காடாக இருந்தது. உயர்ந்திருக்கிறதே என்று மகிழலாம். ஆனால் இந்தியர் எல்லாரும் தமிழர் அல்லர். 2010 கணக்கெடுப்பில் இந்தியர்களில் தமிழர் ஏறத்தாழ 54 விழுக்காடு. 1990இல் அது 60 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்தது. மலையாளம், தெலுங்கு பேசும் குடும்பங்களில் சில தமிழையே பாடமாகத் தேர்ந்தெடுக்கின்றன. வேறு சிலர் பின்னால் தொடக்கப் பள்ளியில் இந்தி முதலிய மொழிகளைப் படிப்பிக்க எண்ணுகின்றனர். ஆகவே பதிவேட்டில் 'இந்தியர்' என்ற கட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் அனைவரும் தமிழ் வகுப்பில் இருப்பார்கள் என்று கொள்ள முடியாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். முன்பு நம்மவர்கள் சிராங்கூன் ரோடு வட்டாரத்திலும், துறைமுக, ரயில்வே குடியிருப்புகளிலும், செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டியும் கூடி வாழ்ந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் வந்த பிறகு தீவு முழுவதும் பரவினோம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று உச்ச வரம்பு வகுத்தது. 2010 முதல் இந்தியர், இதர இனத்தவருக்கான வரம்பு பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு என்றானது. எல்லா இனத்தவரும் கலந்து வாழ இது உதவியிருக்கிறது. என் அண்டை வீட்டுச் சீனப் பாட்டியும் மலாய்க் குடும்பமும் இல்லாமல் என் பிள்ளைகளின் பிள்ளைப் பருவத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதே சமயம், தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பேட்டையிலும் கூட்டமாக இருப்பதில்லை. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகவே இருக்கிறார்கள். இதுவும் அதன் விளைவுகளில் ஒன்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 பிள்ளைகள் படிக்கும் பாலர் பள்ளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்பது என்றால் இந்தியப் பிள்ளைகள் பத்து அல்லது பதினொன்று. கே 1, கே 2 என இரண்டாகப் பிரித்தால் ஐந்தைந்து. காலை, பிற்பகல் எனப் பிரித்தால் இரண்டு அல்லது மூன்று. அவர்களில் ஒருவர் வேறு மொழி என்றால், தமிழ் நேரத்தில் ஆசிரியருக்கு முன்னால் அமர்ந்திருப்பது இரண்டு குழந்தைகள்! ஒரு பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் வகுப்பில் ஒரு பிள்ளை.

இது கணக்குக்காகச் சொன்ன உதாரணம்தான். சில பள்ளிகளில் கூடும். சில பள்ளிகளில் குறையும். பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை ஒன்று சேர்த்துத் தமிழ் வகுப்பு அமைப்பதும் உண்டு. ஆனால் அடிப்படை உண்மை மாறாது. சீன வகுப்பில் பிள்ளை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு.

மொழி என்பது ஆசிரியரிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையிடம் பென்சில் கேட்டுச் சண்டை போடும்போதுதான் மொழி பேசுகிறது. சண்டை போடவே ஆளில்லாத வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பாதி வேலைதான் நடக்கும்.

வீட்டு நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010 கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவதாகக் கூறிய இந்தியர்கள் 41.6 விழுக்காடு. 2020இல் 59.2 விழுக்காடு. பத்தே ஆண்டில் இவ்வளவு. அதாவது தமிழ் வகுப்பில் நுழையும் பிள்ளைகளில் பலர், தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு வருவதில்லை. அங்கேதான் முதன்முதலாக முறையாகக் கேட்கிறார்கள். என் தலைமுறைக்குப் பள்ளிதான் ஆங்கிலம் கற்ற இடம். இன்றைய பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிதான் தமிழ் கற்கும் இடம். பெற்றோரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது?

நான் செய்த ஒரு தவறு

எண்களைப் பற்றி இவ்வளவு எழுதியவன், ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விஜயதசமி அன்று, இரவுப் பணி முடிந்து அப்படியே ஆலயத்துக்கு வந்த ஒரு தாய், தன் மகனை என்னிடம் உட்கார வைத்தார். கணவர் உடன் இல்லை. பையன் கெட்டிக்காரன்; விரலைப் பிடிக்க விடாமல் தானே எழுதப் பார்த்தான். முடிந்ததும் அந்தத் தாய், "சார், இவனை எங்க சேர்க்கிறதுன்னு தெரியல. தமிழ் சொல்லிக் குடுக்கிற இடமா இருந்தா நல்லா இருக்கும். நீங்க வாத்தியாரா இருந்தவங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

நான், "இன்னும் நாள் இருக்கும்மா. தைப்பூசம் முடியட்டும், விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

தைப்பூசம் வந்தது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்த மாதம் எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்குட டிக்கெட், தொண்டர் பட்டியல், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை. தைப்பூசம் முடிந்து களைப்பாறும் நேரத்தில்தான் பாலர் பள்ளிப் பதிவும் நடந்து முடிந்தது. எனக்கு நினைவில்லை. பங்குனி உத்திரத்துக்கு அந்தத் தாய் வந்து கேட்டபோதுதான் என் நெஞ்சில் 'திக்' என்றது.

காலியிடம் ஏதும் வருமா என்று காத்திருந்து பார்த்தோம். வரவில்லை. தாயின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி வீட்டின் அருகே இருந்த ஒரு நிலையத்தில் பையனைச் சேர்த்தார். அங்கே தமிழாசிரியர் இல்லை. தாய்மொழி நேரத்தில் அவனைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்று சீன வகுப்பில் உட்கார வைத்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை எப்படி அமர்த்துவார்கள்? பையன் அழகாகச் சீனத்தில் எண்ணக் கற்றுக்கொண்டான். அது நல்லதுதான். ஆனால் முதலாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்துக்குச் சென்று அமர்ந்தபோது, மற்றப் பிள்ளைகள் 'அம்மா', 'ஆடு' என்று வாசிக்க, இவனுக்கு அவை வெறும் கோடுகளாகத் தெரிந்தன. விஜயதசமி அன்று அரிசியில் எழுதிய அதே எழுத்துகள்!

பின்னொரு நாள், எங்கள் வட்டாரத்துப் பாலர் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்த வருஷம் என் வகுப்புல மூணே பேரு சார். உங்க பையன் வந்திருந்தா நாலு பேரு. ரெண்டு ரெண்டு பேரா விளையாட விட்டிருப்பேன்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. இழப்பு அந்தப் பையனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்த மூன்று பிள்ளைகளுக்கும்தான்.

நன்கொடையாளர் கேட்ட கேள்விக்குப் பதில்

இனி அந்த அன்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக் கட்டணம் குடிமக்களுக்கு மாதம் 160 வெள்ளி என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அதற்கும் 'கிஃபாஸ்' என்னும் கட்டண உதவித் திட்டம் உண்டு. முன்பு குடும்பத்தின் மாத வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கே அந்த உதவி கிடைத்தது. 2020 ஜனவரி முதல் அந்த வரம்பு 12,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்கள் மாதம் ஒரு வெள்ளி மட்டும் செலுத்தும் நிலையும் உண்டு. 2016இல் தொடங்கிய 'கிட்ஸ்டார்ட்' திட்டம், பிறந்தது முதலே வசதி குறைந்த பிள்ளைகளைத் தேடிச் சென்று உதவுகிறது. நம் சமூகத்துக்கென 1991இல் தோன்றிய சிண்டாவும் இருக்கிறது.

ஆக, பணம் கட்ட முடியாததால் மட்டும் ஒரு பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகவில்லை என்ற நிலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இதற்காக நாம் நன்றி பாராட்ட வேண்டும். கட்டணத்தையே நாமும் கொடுப்பது, இருக்கிற விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கை வைப்பது போலாகும்.

ஆனால் கட்டணம் தவிர வேறு தடைகள் இருக்கின்றன. பாடம் நான்கு மணி நேரந்தான். தாயின் வேலை எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். மீதி நேரத்துக்குப் பராமரிப்பு வேண்டும். கொண்டு விட்டுக் கூட்டி வர ஆள் வேண்டும். பள்ளிப் பராமரிப்புச் சேவை இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊதியச் சீட்டு வேண்டும்; கணவன் பிரிந்து போயிருந்தால் அதற்கான தாள் வேண்டும். சிங்பாஸ் மறந்துபோனவர்கள், அடிக்கடி வீடு மாறுபவர்கள், யாரிடம் கேட்பதென்று கூச்சப்படுபவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். முதலில் சொன்னேனே, பாலர் பள்ளிக்குப் போகாமலே வரும் அந்தச் சிலர், அல்லது மிகவும் தாமதித்துச் சேரும் பிள்ளைகள், பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

அவர்களில் சிலர் வேறு எந்த அலுவலகத்துக்கும் போகாவிட்டாலும் ஆலயத்துக்கு வருகிறார்கள். அர்ச்சனை டிக்கெட் வாங்குகிறார்கள். பிள்ளைக்கு மொட்டை போட வருகிறார்கள். விஜயதசமிக்கு வருகிறார்கள். அரசாங்கம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய குடும்பம், நம் மண்டபத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஆலயத்துக்கு மட்டும் உள்ள வாய்ப்பு. அந்த வாய்ப்பை நான் ஒருமுறை தவற விட்டேன்.

நாம் செய்யக்கூடியவை

நிர்வாகக் குழுவின் முன் நான் வைத்துள்ள கோரிக்கைகள் பெரியவை அல்ல.

முதலாவது, விஜயதசமி அன்று எழுதி முடித்த ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும், பிரசாதத்தோடு ஒரு தாள் கொடுக்க வேண்டும். பிள்ளை எந்த ஆண்டில் பிறந்தது, எந்த மாதத்தில் பதிவு செய்ய வேண்டும், அருகில் தமிழ் கற்பிக்கும் பாலர் பள்ளிகள் எவை என்பதை அதில் எழுதிக் கொடுக்கலாம். விரும்பும் பெற்றோரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் நினைவூட்டலாம்.

இரண்டாவது, தைப்பூசத்தையொட்டி ஆலய அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, நிதானமாகப் பேசத் தெரிந்த இரண்டு தொண்டர்கள். பதிவுக்கும் கட்டண உதவிக்கும் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பிக்க உதவலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கிறோம். அரிசியில் எழுத வைக்கத் தெரிந்த எங்களுக்குப் படிவம் நிரப்பவும் தெரியும்.

மூன்றாவது, கல்வி நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை, எந்தத் திட்டத்திலும் அடங்காத செலவுகளுக்கென ஒதுக்க வேண்டும். பள்ளிப் பேருந்துக் கட்டணம், காலணி, தாய் வேலை மாறும் மாதத்தில் ஏற்படும் துண்டு விழும் தொகை. இவை ஒரு குடும்பத்துக்கு ஐம்பது, நூறு வெள்ளிதான். ஆனால் அந்த ஐம்பது வெள்ளிக்காகப் பிள்ளை இரண்டு மாதம் வகுப்புக்குப் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது பணமே வேண்டாத பணி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அரை மணி நேரம், சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழில் கதை சொல்வது. வார நாளில் மூன்று பேரோடு தமிழ் படிக்கும் பிள்ளைக்கு, ஞாயிறன்று முப்பது பேரோடு தமிழ் கேட்கும் வாய்ப்பு கிடைக்கட்டும். சண்டை போடவும் ஆள் கிடைக்கும்!

வீட்டில் பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பரவாயில்லை; நீங்கள் தமிழில் பேசுங்கள். காது நிறைந்தால் வாய் ஒரு நாள் திறக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. அந்தத் தாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தன் இளைய மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் விஜயதசமிக்கு வந்தார். என்மீது கோபம் இருந்திருக்கலாம், காட்டவில்லை. இம்முறை நான் அவருடைய எண்ணை வாங்கி என் சட்டைப் பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தைப்பூசம் முடிந்த வாரத்தில் நானே தொலைபேசியில் அழைத்தேன். ஆலய அலுவலகத்தில் உட்கார்ந்து இருவருமாகப் பதிவு செய்தோம். பெண் பிள்ளைக்கு இடம் கிடைத்தது, தமிழும் கிடைத்தது. அவள் படித்துவிட்டு வந்து வீட்டில் ஒப்பிப்பதைக் கேட்டு அண்ணனும் எழுத்துக் கூட்டுகிறான் என்று அவர் சொன்னபோது, எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது. முழுவதும் குறையவில்லை.

அன்பர்களே, நீங்கள் தரும் நன்கொடை கட்டடமாகவும் கோபுரமாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் ஒரு சிறு பங்கு, ஒரு பாலர் வகுப்பில் நான்காவது நாற்காலியில் வந்து உட்காரும் பிள்ளையாகவும் ஆகட்டும். வரும் விஜயதசமிக்கு அந்தத் தாள் தயாராக இருக்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று வயதுப் பிள்ளை இருந்தால், அழைத்து வாருங்கள்.

கலைமகளின் அருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டுவதாக.